கோணேஸ்வரியும் கறள் பிடிக்காத காரும்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், கென்னடி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சின்னத் தெருவில் கோணேஸ்வரி குடியிருக்கிறாள். ஐம்பது வயது தாண்டிவிட்டது. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேலை அவளுக்கு. காலையில் ஒரு பாட்டி, பத்து மணிபோல இன்னொருவர், மத்தியானம் வடக்கே மார்க்கம் நகரில் ஒருவர் என்று நாள் முழுக்க ஓட்டந்தான். கார் இல்லாமல் அந்த வேலையை நினைத்தும் பார்க்க முடியாது.

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் ‘காருக்குக் கீழை படுக்கிற அன்ரி’. குளிர்காலத்தில் ஒரு நாள் கொஞ்சம் வெயில் எறித்து, சினோப் பனி உருகத் தொடங்கினால் போதும். பழைய யோகாப் பாயொன்றை விரித்து, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, ரோச் லைற்றோடு காருக்குக் கீழே தலையை நுழைத்துவிடுவாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை முன்வீட்டு மனிதர் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு, கார் ஏறிவிட்டதென்று குளறிக்கொண்டு ஓடிவந்தார்.

அவள் ஒன்றும் அப்படிப் பிறந்தவள் இல்லை. கனடாவுக்கு வந்து நெடுங்காலம் பஸ்ஸில்தான் திரிந்தாள். நாற்பது வயதுக்குப் பிறகு, மூன்றாம் தடவையில்தான் லைசென்ஸ் கிடைத்தது. முதலில் வாங்கியது ஒரு நீலக் கார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் விற்றது. அதை அவள் வைத்திருந்த சீரைப் பார்த்து ஊரே சிரித்தது. ஞாயிறு தவறாமல் கழுவி, துடைத்து, மெழுகு பூசி, முன்கண்ணாடி மூலையில் பிள்ளையார் ஸ்ரிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் போன கிழமைதான் கடையில் இறக்கியது போல மினுங்கும்.

அந்தக் காரோடு கழிந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு ஓயாத தலையிடி வந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்து பனடோல் போட்டாள். அவளுடைய கணவன் பிரியந்தனுக்கு ரெக்ஸ்டேலில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன், “உனக்குக் கண்தான் பிழை. கண் டொக்டரிட்டைப் போ” என்றான். போய்க் கண்ணாடியும் மாற்றினாள். தலையிடி மாறவில்லை. வேலை இல்லாத நாட்களில் மட்டும் தலை தெளிந்த வானம் மாதிரி இருந்தது. அது ஏனென்று அவள் யோசிக்கவில்லை.

மாசி மாதம், உருகிய சினோவும் உப்பும் சேர்ந்து வீதியெல்லாம் கஞ்சியாய்க் கிடந்த ஒரு நாள், கென்னடி வீதியில் ஒரு பள்ளத்துக்குள் கார் இறங்கி ஏறியது. ஐஸ் தண்ணீர் அவளுடைய வலது காலில் பளீரென்று அடித்தது. திடுக்கிட்டுப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. தண்ணீர் கீழேயிருந்து வந்திருந்தது.

அப்படியே காரை மெல்ல உருட்டிக்கொண்டு ஜனார்த்தனின் கராஜுக்குப் போனாள். ஜனார்த்தன் மட்டக்களப்புக்காரன், அவளுடைய கார் வேலைகளை எல்லாம் அவன்தான் பார்ப்பான். காரைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டு அவன் கூப்பிட்டான்.

“அக்கா, இஞ்சை வந்து ஒருக்காப் பாருங்கோ. தொப்பியைப் போட்டுக்கொண்டு வாங்கோ, மேலை கொட்டும்.”

தன் காரின் அடிப்பக்கத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அண்ணாந்து பார்த்தவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மேலே மினுங்குகிற அந்த நீலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. எங்கும் கபில நிறத் துரு, கறள். அடுக்கடுக்காய், பொருக்குப் பொருக்காய், பழைய மரத்தின் பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. ஜனார்த்தன் ஸ்குரூட்ரைவரை ஓரிடத்தில் வைத்து மெல்ல அழுத்தினான். மாரி பிஸ்கற்றுக்குள் போவது போல அது பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. கறள் தூளாய் அவளுடைய தோளில் கொட்டியது.

“இதாலைதான் தண்ணி அடிச்சது. தண்ணியை விடுங்கோ, அது பெரிய விசயமில்லை. உந்தப் புகைக்குழாயைப் பாருங்கோ. கறள் திண்டு வெடிச்சுக் கிடக்குது. அதுக்கு நேரை மேலை தரையிலை ஓட்டை. அப்ப புகை எங்கை போகும்?”

கோணேஸ்வரி தன்னை அறியாமல் நெற்றியைத் தொட்டாள். “தம்பி, எனக்கு இந்த வின்ரர் முழுக்கத் தலையிடி.”

ஜனார்த்தன் ஸ்குரூட்ரைவரைக் கீழே வைத்தான். 

“அக்கா, உந்தப் புகையிலை இருக்கிற நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நீங்கள் ஹைவேயிலை நித்திரையாகிப் போகாதது ஆர் செய்த புண்ணியமோ தெரியாது.”

அவள் தோளில் கிடந்த கறளைத் தட்டிவிட்டாள். ஆனாலும் கண்ணை அந்த இடத்திலிருந்து எடுக்க முடியவில்லை. இரும்பு! தட்டினால் கை நோகிற இரும்பு. அதை இப்படித் தின்றது உப்பா? அவள் பிறந்தது நிலாவெளி. உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். உப்பு என்றால் அவளுக்குக் குழம்பில் போடுகிற, கண்ணூறு கழிக்கிற, மீன் கெடாமல் காக்கிற சாமான். காக்கிற உப்பைத்தான் அவளுக்குத் தெரியும். தின்கிற உப்பை அன்றைக்குத்தான் கண்டாள்.

“எங்கையிருந்து தம்பி இவ்வளவு உப்பைக் கொண்டுவந்து கொட்டுறாங்கள்?”

“அது ஒரு பெரிய கதை அக்கா. ஹியூரன் ஏரி இருக்கெல்லே, அதுக்கு அடியிலை சுரங்கம் வெட்டி எடுக்கிறாங்கள். ஒருகாலத்திலை அங்கை கடல் இருந்ததாம். மனிசர் வர முந்தி, டைனோசருக்கும் முந்தி. அந்தக் கடல் வத்தி உப்பாகி, மண்ணுக்குக் கீழை அப்பிடியே கிடக்குதாம்.”

வீடு போகும் வழியெல்லாம் பஸ்ஸில் இருந்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டே போனாள். பெயர் தெரியாத ஒரு கடல், ஒரு கப்பலையும் காணாமல் செத்துப்போன கடல், காலகாலமாய் நிலத்துக்குக் கீழே படுத்திருந்துவிட்டு இப்போது கென்னடி வீதியில் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது. தன் காரைத் தின்றது அந்தக் கடல் என்று நினைத்தபோது கோபம் வரவில்லை. ஏதோ பெரிய கோயில் கோபுரத்துக்குக் கீழே நிற்பது போல ஒரு உணர்வுதான் வந்தது.

நீலக் கார் இரும்புக் கடைக்குப் போனது. ஜனார்த்தன் தேடிப் பிடித்துக் கொடுத்த வெள்ளி நிறக் கொரோலா வந்தது. பழையதுதான், ஆனால் அடிப்பக்கம் சுத்தம். இதை விடுவதில்லை என்று அவள் அன்றைக்கே மனதில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், முதல் சினோ விழுவதற்கு முன்னரே, ஜனார்த்தனிடம் போய், கறள் பிடிக்காமல் இருக்கக் காருக்கு எண்ணெய் அடிப்பிப்பாள். காரின் அடிப்பக்கம் முழுக்க, கதவுகளின் உட்குழிகளுக்குள்ளும் குழாய் விட்டு, கசியக் கசிய அடிக்க வேண்டும். அடித்து முடிந்து இரண்டொரு நாளைக்குக் கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு விழும். அதற்காக வீட்டு வாசலில் பழைய பெட்டி அட்டைகளை விரித்து வைத்திருப்பாள். கதவு ரப்பர்கள் உறைந்து ஒட்டாமல் இருக்க அவற்றுக்கு சிலிக்கன் பூசுவாள். பற்றறியைச் சோதிப்பிப்பாள். பெற்றோல் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாள். குளிர் கொஞ்சம் தணிந்த நாளில் கார் கழுவுகிற இடத்துக்குப் போய் அடிப்பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் அடிப்பிப்பாள். மேற்பக்கம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளையார் ஸ்ரிக்கர்கூட அரைவாசி உரிந்துபோனது.

சொந்த வாசலில் ஒரு பிடி உப்புப் போட அவள் சம்மதிக்கவில்லை. வழுக்கினால் மணல் போடு என்றாள்.

“இந்தப் பார்வை என்னைப் பாத்திருந்தால் என்ரை முழங்கால் இப்பிடிக் கறள் பிடிச்சிராது” என்பான் பிரியந்தன்.

“நீங்களும் வந்து கீழை படுங்கோ, உங்களுக்கும் அடிச்சு விடுறன்” என்பாள் அவள்.

அந்த நாட்களில் அவளுடைய மத்தியான வீடு மார்க்கத்தில் சிவபாதம் அங்கிளின் வீடு. எண்பதைக் கடந்தவர். நுரையீரல் இறுகிப்போகிற வியாதி. ஒட்சிசன் இல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்குள்ளே கரண்டில் ஓடுகிற பெரிய மெசின் ஒன்று உறுமிக்கொண்டே நிற்கும். அதிலிருந்து நீண்ட குழாய் அவருடைய மூக்குக்கு வரும். டொக்டரிடம் போகும்போது கொண்டுபோவதற்குத் தோளில் கொளுவுகிற சின்ன மெசின் ஒன்றும் உண்டு. கரண்ட் போனால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர். மகன் சுலக்சனுக்கு டவுன்ரவுனில் இரவு வேலை. விடுமுறை வந்தால் மருமகள் பிள்ளைகளோடு மொன்றியலுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள்.

சிவபாதத்துக்கு வாய் கொஞ்சம் கூட. “பிள்ளை, நீர் நேர்ஸோ மெக்கானிக்கோ? உம்மடை கோட்டிலை எண்ணெய் மணக்குது” என்று ஒவ்வொரு நவம்பரிலும் சொல்வார். கோடை முடிந்தால் அவர் வாசற்படி தாண்டுவதில்லை. திரைச்சீலையையும் திறக்க விடுவதில்லை. வெளியே என்ன கிடக்கு, வெள்ளைச் சனியன் என்பார்.

சில வருடங்களுக்கு முன், மார்கழியில் நத்தார்ப் பண்டிகையை ஒட்டிய ஒரு கிழமையில், உறைமழை வந்தது. மழையாகத்தான் விழும், விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். இரவெல்லாம் பெய்தது. விடிந்ததும் கோணேஸ்வரி திரையை விலக்கிப் பார்த்தாள். தெருவை அப்படியே தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போல இருந்தது. மேப்பிள் மரத்தின் ஒவ்வொரு சுள்ளியிலும் விரல் தடிப்பில் ஐஸ். மின்கம்பிகள் கயிற்றூஞ்சல் போலத் தொய்ந்து கிடந்தன. மழை விட்டிருந்தது. ஆனால் குளிர் கடுகதியாய் இறங்கிக்கொண்டிருந்தது.

போக முடியாதவர்கள் இன்றைக்குப் போக வேண்டாம் என்று வேலையிடத்திலிருந்து செய்தி வந்தது. அவள் முதலில் சிவபாதத்துக்குத்தான் போன் எடுத்தாள்.

“அங்கிள், எப்பிடி இருக்கிறியள்?”

பதில் துண்டு துண்டாய் வந்தது. “கரண்ட் போயிற்று பிள்ளை... பெரிய மெசின் நிண்டிற்று... சிலிண்டரிலை இருக்கிறன்.”

“சுலக்சன் எங்கை?”

“வேலையிலை நிக்கிறான்... றோட்டெல்லாம் மரம் விழுந்து கிடக்காம்... வரேலாதாம்.”

“கதையாதேங்கோ. ஆடாமல் அசையாமல் இருங்கோ. நான் வாறன்.”

பிரியந்தன் வாசலுக்கு வந்து மறித்தான். “உனக்கென்ன விசரே? இண்டைக்கு றோட்டிலை நாய்கூட இறங்காது.”

“நாயிட்டைக் கார் இல்லை” என்றுவிட்டு அவள் சப்பாத்தைக் கொளுவினாள்.

வெளியே அயலவர்கள் தங்கள் கார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்வீட்டு மனிதர் கதவை இழுத்த வேகத்தில் கைபிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார். கோணேஸ்வரி தன் காரின் கதவோரத்தை உள்ளங்கையால் குத்தினாள். பெரிய ஐஸ் தகடொன்று சரிந்து விழுந்து நொறுங்கியது. கைபிடியை இழுத்தாள். கதவு வழக்கம்போலத் திறந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

கென்னடி வீதியில் வடக்கே ஏறும்போது ஒரு சிக்னல்கூட எரியவில்லை. சந்திக்குச் சந்தி நின்று, பார்த்து, ஊர்ந்தாள். இரண்டு பக்கமும் மரங்கள் கும்பிடுவது போல வளைந்து கிடந்தன. எங்கோ கிளைகள் முறிகிற சத்தம் துப்பாக்கிச் சூட்டுச் சத்தம் போலவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய தோள்கள் தாமாகவே குறுகின. பழைய பயம் உடம்பை விட்டுப் போவதில்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ரொறன்ரோவில் இத்தனை குளிர்காலம் கண்டவள், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சிவபாதத்தின் தெருவுக்குள் அவள் திரும்பிக் கொஞ்சத் தூரம் போயிருக்க மாட்டாள், பின்னால் பெரிய சத்தம் கேட்டது. தெரு முகப்பில் நின்ற கிழட்டு வில்லோ மரம் குறுக்கே விழுந்து, அவள் வந்த வழியை முழுக்க மூடிவிட்டது. ஐஸ் துண்டுகள் வீதியில் உருண்டு வந்தன. அவள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, திரும்பாமல் வீட்டு வாசலுக்குப் போனாள்.

வீட்டுக்குள் மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. சிவபாதம் தொப்பி, கோட்டு, கையுறையெல்லாம் போட்டுக் கதிரையில் குறுகிப்போய் இருந்தார். சிலிண்டரின் முள் சிவப்புக்குள் இறங்கிவிட்டது. சின்ன மெசினை எடுத்துப் பார்த்தாள். ஆவணியில் டொக்டரிடம் போனதற்குப் பிறகு யாரும் சார்ஜ் போடவில்லை. கடைசிக் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

911க்கு அடித்தாள். பெண்ணொருத்தி பொறுமையாய்க் கேட்டாள். அம்புலன்ஸ் எல்லாம் வேறு அழைப்புகளுக்குப் போயிருக்கின்றன, மரத்தை வெட்டாமல் உங்கள் தெருவுக்குள் வர முடியாது, தீயணைப்புக்காரரிடம் சொல்கிறோம், அதுவரைக்கும் அவரைச் சூடாக வைத்திருங்கள், ஒட்சிசன் நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சூடும் ஒட்சிசனும். கோணேஸ்வரி இருண்ட வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன மெசினின் பையைத் தலைகீழாய்க் கொட்டினாள். அடியில், பிரிக்காத பிளாஸ்ரிக் உறைக்குள், காரில் செருகுகிற வயர் கிடந்தது.

“அங்கிள், எழும்புங்கோ. காருக்குள்ளை போவம்.”

“எங்கை பிள்ளை போறது?”

“ஒரு இடமும் இல்லை. இஞ்சை வாசலிலைதான்.”

வாசற்படியிலிருந்து கார்வரை ஒரே கண்ணாடித் தரை. எண்பது தாண்டிய மனிதர் அதில் ஒரு காலை வைத்தால் அவ்வளவுதான். கராஜ் கதவை உள்ளே போய்க் கையால் உயர்த்தினாள். மூலையில் ஒரு மூட்டை உப்பு இருந்தது. மூட்டையைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு கிழித்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, வழி முழுக்கக் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஐஸுக்குள் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. பிறகு வெடித்து, நெகிழ்ந்து, கால் பதிகிற தரையாகிவிட்டது. இரும்பைத் தின்றது ஐஸையும் தின்றது.

அவரை ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலை செய்தாள். ஓடிக்கொண்டிருக்கும் காருக்குள் ஒருவரை நாள் முழுக்க வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். நீலக் காரின் தலையிடி அவளுக்கு மறக்கவில்லை. கார் திறந்த வெளியில், காற்றுப் புகையைப் பின்னுக்கு இழுக்கும்படி நிற்கிறதா என்று பார்த்தாள். புகைக்குழாயின் வாயைச் சுற்றியிருந்த ஐஸைத் தட்டி எடுத்தாள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அந்த ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தைப் பிடித்து, குழாயை முன்னாலிருந்து கடைசிவரை பார்த்தாள். எண்ணெய் பூசிய இரும்பு கறுப்பாய், ஈரமாய், முழுசாய் இருந்தது. காதைக் கொடுத்தாள். எங்கேயும் சீறவில்லை. தரைத் தகட்டில் கையை வைத்து அமுக்கினாள். அசையவில்லை. எழும்பி, கோட்டைத் தட்டிவிட்டு, பின்கதவுக் கண்ணாடி ஒன்றை விரல் அகலத்துக்கு இறக்கி வைத்தாள்.

சிவபாதத்தைக் கம்பளியால் சுற்றி, தாங்கிக்கொண்டு வந்து முன் சீற்றில் இருத்தினாள். வயரைச் செருகினாள். சின்ன மெசினில் பச்சை லைற் எரிந்தது. டிக், உஸ்... டிக், உஸ்... என்று அவருடைய மூச்சோடு சேர்ந்து அது ஊதத் தொடங்கியது. நீலம் பாரித்திருந்த அவருடைய உதடுகளில் கொஞ்சம் கொஞ்சமாய் நிறம் திரும்பியது. ஹீற்றர் காற்று அவருடைய கால்களில் பட்டது.

“இப்ப எப்பிடி அங்கிள்?”

“எண்ணெய் மணக்குது” என்றார்.

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இடைக்கிடை இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு வருவாள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி காஸ் அடுப்பில் வைத்த சோற்றுக் கஞ்சியை ஒரு போத்தலில் கொண்டுவந்து ஜன்னலால் நீட்டினாள். கோணேஸ்வரி அவளுடைய போனைக் காரில் சார்ஜ் போட்டுக் கொடுத்தாள். சிவபாதம் கஞ்சியை மிடறு மிடறாய்க் குடித்தார்.

மத்தியானம்போல மேகம் விலகியது.

முதலில் தெருவின் அந்தக் கரையில் ஒரு மரம் பற்றிக்கொண்டது. பிறகு அடுத்தது. வெயில் வீடு வீடாய் நடந்துவந்தது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெரு முழுக்க எரிந்தது. ஒவ்வொரு சுள்ளியின் நுனியிலும் ஒரு சூரியன். புல்லின் ஒவ்வொரு தாளும் தனித்தனியே தன் கண்ணாடி உறைக்குள் நின்றது. யாரோ கோடையில் மறந்துவிட்ட உடுப்புக் கொடியில் வரிசையாய்த் தொங்கிய கிளிப்புகள்கூட வைர அட்டியல் மாதிரி மினுங்கின. காற்று அசைந்தபோது மரங்கள் எல்லாம் சேர்ந்து கிணுகிணுத்தன. சிவப்புக் குருவி ஒன்று பறந்து வந்து ஒரு கிளையில் இறங்கி, வழுக்கி, திரும்பவும் ஏறிக் குந்தியது.

சிவபாதம் முன்னுக்குச் சாய்ந்து, கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். மூச்சு அதில் படிந்தபோது கையுறையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“பிள்ளை,” என்றார் கடைசியில். “முப்பது வருசம் டவுன்ரவுனிலை நிலத்துக்குக் கீழை, கார் பார்க்கிங்கிலை டிக்கெற் குடுத்தன். விடிய முந்திப் போவன், இருட்டினாப் பிறகு வருவன். வெளியாலை சினோ கொட்டுதோ வெயில் எறிக்குதோ எண்டு, உள்ளை வாற கார்களின்ரை கூரையைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். இது இப்பிடியெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.”

“எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள்.”

“நீர் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளைதானே ஓடித் திரியிறீர்.”

“றோட்டைப் பாக்கிறன். இதை எங்கை பாக்கிறது?”

அவர் தலையாட்டினார். மெசின் டிக், உஸ் என்றது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் கோணேஸ்வரிக்கு மெய் சிலிர்த்தது. வெளியே எல்லாம் உறைந்து போயிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அவர்கள் கால் வைத்திருந்த தரைக்குக் கீழே, ஒரு சாண் தூரத்தில், நெருப்பாய்க் கொதிக்கிற குழாயொன்று மனிதரைக் கொல்லக்கூடிய புகையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டிருந்தது. அதே எஞ்சின்தான் இங்கே ஒரு கிழவருடைய நெஞ்சுக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று. அவ்வளவுதான். அந்தத் தகட்டைத் தின்பதற்குத்தான் ஏரிக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய கடல் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து முட்டிக்கொண்டிருந்தது. தான் கையால் தொட்டுக் காத்தது எதை என்று அவளுக்கு இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. அவள் சப்பாத்துக் காலை மெதுவாய்த் தரையில் ஊன்றிப் பார்த்தாள். அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது தெரு முகப்பில் வாள் மெசின்கள் இரைந்தன. தீயணைப்புக்காரர் வில்லோ மரத்தைத் துண்டு துண்டாய் அறுத்து இழுத்துப்போட்டார்கள். உயரமான ஒருவன் காருக்குள் குனிந்து சிவபாதத்தின் விரலில் கருவியொன்றைக் கொளுவிப் பார்த்தான். பார்த்துவிட்டு, “இவர் என்னைவிட நல்லாய் இருக்கிறார்” என்றான். அம்புலன்ஸ் வர இன்னும் நேரமாகும், வீதிக்கு இப்போது உப்புப் போட்டிருக்கிறார்கள், இந்தக் கார் ஓடுமென்றால் இதிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது, அங்கே ஜெனரேற்றர் இருக்கிறது என்றான்.

“ஓடும்” என்றாள் கோணேஸ்வரி.

பெரிய வீதியில் ஏறியதும் அவர்களுக்கு முன்னால் உப்பு லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்த சக்கரம் சுழன்று உப்பை விசிறியது. கல் கல்லாய் வந்து காரின் மூஞ்சியிலும் கண்ணாடியிலும் சடசடவென்று விழுந்தது. வேறொரு நாளென்றால் அவள் ஒதுங்கி நின்று லொறியைப் போகவிட்டிருப்பாள். அன்றைக்கு அதன் பின்னாலேயே, அது விரித்துக்கொண்டு போன கறுத்த ஈர வீதியில், குருவுக்குப் பின்னால் போகிற சீடன் மாதிரி ஒட்டிக்கொண்டு போனாள்.

“உம்மடை காரிலை உப்பு அடிக்குது பிள்ளை” என்றார் சிவபாதம்.

“அடிக்கட்டும் அங்கிள். நாளைக்குக் கழுவுவன்.”

சுலக்சன் போன் எடுத்தான். எப்படியோ ரயில் பிடித்துப் பாதித் தூரம் நடந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டான்.  பிரியந்தனும் எடுத்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான், பிறகு கொஞ்சம் நிறுத்தி, “கார் எப்பிடி?” என்றான். “கார் சுகம்” என்றாள்.

சிவபாதம் அந்தக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். அந்த இரண்டிலும் திரைச்சீலைகள் திறந்தே கிடந்தன. கோணேஸ்வரி வேலை முடிந்து புறப்படும்போது, வெளியே இன்றைக்கு என்ன நிறம், ஐஸ் எங்கே தொங்குகிறது என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தபடியே அவளுக்குச் சொல்லி அனுப்புவார்.

ஆனால் அன்றைக்கு மாலை அதெல்லாம் இருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வளவுக்குள் கார் திரும்பியபோது சூரியன் நிலத்தோடு வந்துவிட்டிருந்தது. வளவைச் சுற்றி நட்டிருந்த சின்ன மரங்கள் அத்தனையும் செம்பு நிறமாய், உள்ளே விளக்கு வைத்த மாதிரி நின்றன. அவசரப் பிரிவு வாசலில் சுலக்சன் கையசைப்பது தெரிந்தது. மெசினில் பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது.

சிவபாதம் அவளுடைய கையைத் தொட்டார்.

“பிள்ளை, உடனை இறங்க வேணுமே?”

“ஏன் அங்கிள்?”

“இதை ஒருக்காச் சுத்தி வருவமே? ஒரேயொருக்கா.”

கோணேஸ்வரி அவருடைய உதடுகளைப் பார்த்தாள். நிறம் நன்றாக இருந்தது. சுலக்சனுக்குக் கையைக் காட்டிவிட்டு, காரை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.